அப்பாவுக்குத் தலை தேறிவிட்டது, கண் ஏன் தெரியவில்லை?

கேள்வி:

எங்களுடையது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்பாவுக்கு 54 வயது, கவ்வாத்து வேலை. காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன் லயத்துக் கூரைத் தகரத்துக்குக் கல் வைக்க ஏறியவர் வழுக்கி, வடிகான் ஓரத்தில் தலை அடிபட விழுந்துவிட்டார். 1990 அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மூளையைச் சுற்றி ரத்தம் என்று சொல்லி ஒப்பரேசன் செய்தார்கள். பத்து நாளுக்கு மேல் ஐ.சி.யூ.வில் மெஷினில் இருந்தார்.

இப்போது வீட்டுக்கு வந்து மூன்று வாரம். நன்றாகப் பேசுகிறார். குரலை வைத்து எங்கள் எல்லோரையும் அடையாளம் சொல்கிறார். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால் பக்கத்தில் துழாவுகிறார். கண்ணுக்கு முன்னால் எதையோ கையால் விலக்கி, "சிலந்தி, சிலந்தி" என்கிறார். காலையில் எழும்பியதும் ஒன்றுமே தெரியவில்லை என்று சத்தம் போடுகிறார். பின்னேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது என் சேலையின் நிறத்தைச் சரியாகச் சொல்கிறார். அதனால் அத்தை, அவர் நடிக்கிறார் என்கிறார். மாமா, புத்தி பேதலித்துவிட்டது என்கிறார். கோயிலில் கயிறும் கட்டியாகிவிட்டது.

ஐ.சி.யூ.வில் ஒரு டொக்டர், வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேனை அப்பாவின் மூடிய கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது. அந்த ஸ்கேனால்தான் கண் கெட்டதா? மூளையில் இருந்த ரத்தம் கண்ணுக்கு இறங்கிவிட்டதா? உடனே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா? வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்:

தங்கச்சி, முதலில் அத்தையிடமும் மாமாவிடமும் சொல்லுங்கள்: அப்பா நடிக்கவும் இல்லை, அவருக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. நீங்கள் அனுப்பிய கார்டின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். டொக்டர்மாரின் கையெழுத்து அப்படி, உங்களைக் குறை சொல்ல முடியாது. அதில் எழுதியிருப்பது இதுதான்: கட்டிலருகே கண் அல்ட்ராசவுண்ட் செய்யப்பட்டது, இரண்டு கண்ணிலும் விட்ரியஸ் ஹெமரேஜ் இருக்கிறது, ரெட்டினா (விழித்திரை) ஒட்டியே இருக்கிறது, கண் கிளினிக்குக்கு அனுப்பவும். கண்ணுருண்டையின் உள்ளே நிறைந்திருக்கும் தெளிவான கூழுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்கேன் கண்ணைக் கெடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் இந்த வரியே கார்டில் வந்திருக்காது.

கார்டைப் படிக்காமலே, உங்கள் கடிதத்தை வைத்தே பாதி ஊகித்துவிடலாம். காலையில் ஒன்றும் தெரியவில்லை, பின்னேரம் சேலையின் நிறம் தெரிகிறது என்கிறீர்களே, அத்தைக்குச் சந்தேகம் வந்த அந்த இடம்தான் எனக்குத் தடயம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது ரத்தம் கண்ணுக்குள் பரவி, பார்வையின் நடுப்பகுதியை மூடிக்கொள்கிறது. எழும்பி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் மெல்லக் கீழே படிகிறது, மேலே கொஞ்சம் தெளிகிறது. மூளையின் பார்வைப் பகுதியில் அடிபட்டவர்களுக்கு இப்படி நேரம் பார்த்துப் பார்வை மாறுவதில்லை. அவர்களில் சிலர் சோற்றுக் கோப்பையில் ஒரு பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு மறு பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். சிலந்தி என்று அவர் விலக்குவதும் கற்பனை இல்லை. ரத்தத் துணுக்கின் நிழல் விழித்திரையில் விழுகிறது, கண் அசைய அதுவும் அசைகிறது. நமக்குத்தான் அது தெரியாது.

அடுத்த கேள்வி, ரத்தம் மூளையில் இருந்து இறங்கி வந்ததா என்பது. நீங்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை, மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தவர்களுக்குக் கண்ணுக்குள்ளும் ரத்தம் இருப்பதை 1881இல் லிட்டன் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதினார். 1900இல் டெர்சன் என்ற பிரெஞ்சுக் கண் வைத்தியர் மறுபடி எழுத, அவர் பெயரே நிலைத்துவிட்டது. கிளினிக்கில் 'டெர்சன் சிண்ட்ரோம்' என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் வேறு. மண்டையோடு மூடிய பெட்டி, உள்ளே ரத்தம் சேர்ந்தால் அழுத்தம் திடீரென்று ஏறும். கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு, மூளையைப் போர்த்தியிருக்கும் அதே சவ்வுகளால்தான் போர்த்தப்பட்டிருக்கிறது. அதனால் அந்த அழுத்தம் நரம்பின் உறை வழியே கண்ணின் பின்சுவர் வரை வந்து முட்டும். விழித்திரையில் இருந்து ரத்தம் வெளியேறும் நாளம் நெரிபடும். வழி அடைபட்டதும் அங்கேயுள்ள நுண்ணிய நாளங்கள் வெடித்துக் கசியும். ஆகவே அப்பாவின் கண்ணில் உள்ள ரத்தம் அவருடைய கண்ணின் சொந்த ரத்தம். மூளை ஒப்பரேசன் பிழையாகிப் போனதற்கு அது அடையாளமும் இல்லை.

மூளையில் நாளம் வெடித்து ரத்தம் கசிபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது, தேடிப் பார்த்தால் இன்னும் கூடவே கிடைக்கிறது. தலையில் அடிபட்டவர்களுக்கு இதைவிடக் குறைவு. குறைவு என்பதால்தான் பலர் தேடுவதே இல்லை. மயக்கத்தில் இருப்பவர் கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார். விழித்த பிறகு சொன்னாலோ, தலையில் அடிபட்டவர்தானே, ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். தலையில் பலமாக அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த எவரையும் கண்ணைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அந்த ஐ.சி.யூ. டொக்டர் அதைத்தான் செய்திருக்கிறார். பெயர் தெரிந்தால் ஒரு வார்த்தை நன்றி சொல்லி அனுப்புங்கள்.

சரி, அந்த ஸ்கேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் பார்க்க வழக்கமான வழி, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, கருவியின் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சுவது. ஐ.சி.யூ.வில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. தாதிமார் அடிக்கடி டோர்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூளைக்குள் அழுத்தம் ஏறினால் காட்டிக்கொடுப்பவற்றில் அதுவும் ஒன்று. சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரத்துக்கு அந்த அடையாளம் கிடைக்காது. அதனால் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் அதற்குத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. தவிர, கண்ணுக்குள் ரத்தம் அடர்த்தியாக இருந்தால் எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சினாலும் பின்சுவர் தெரியாது. வெளிச்சம் போகாத இடத்துக்கு ஒலி போகும்.

இது எக்ஸ்ரே இல்லை, கதிர்வீச்சு எதுவும் கிடையாது. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அதே மெஷின்தான், கையில் பிடிக்கும் புரோப் மட்டும் வேறு. வயிற்றுக்கு வளைந்த முனை, ஆழத்துக்குப் போகும் தாழ்ந்த அதிர்வெண் ஒலியலை. கண்ணுக்கு நேரான முனை, 7.5 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும். கண் முன்பின் சுமார் 24 மில்லிமீற்றர்தான், ஆழம் தேவையில்லை, நுணுக்கம்தான் தேவை. கண் மென்மையான உறுப்பு என்பதால் ஒலியின் பலத்தையும் அதற்கென்று குறைத்து வைப்பார்கள். மூடிய இமையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மேலே ஜெல்லைத் தாராளமாகப் போடுவார்கள். ஜெல் ஏன் அவ்வளவு என்றால், புரோப் இமையில் அழுந்தாமல் ஜெல்லில் மிதக்க வேண்டும். செய்பவரின் சுண்டுவிரல் நோயாளியின் நெற்றியிலோ கன்னத்திலோ ஊன்றியிருக்கும், கை தவறிக்கூட அழுத்தாமல் இருக்கத்தான். கண்ணுருண்டையே கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் இந்த ஸ்கேனைச் செய்யவே கூடாது. உங்கள் அப்பாவுக்குச் செய்திருக்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகம் இல்லை என்று பார்த்த பிறகுதான் செய்திருப்பார்கள்.

திரையில் நல்ல கண்ணின் உட்பகுதி கன்னங்கரேலென்று இருக்கும், கூழில் ஒலி பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. ரத்தம் இருந்தால் அந்தக் கறுப்புக்குள் சாம்பல் நிறத் துகள்கள் தெரியும். விழித்திருப்பவரிடம் "மேலே பாருங்கள், கீழே பாருங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால், வடிக்காத பிளேன்டீயைக் கரண்டியால் கலக்கியதும் தூள் சுழல்கிற மாதிரி அவை சுழலும். நாங்கள் கவலையோடு தேடுவது இன்னொன்று: பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு, மற்ற இடத்தில் கிளம்பி நிற்கும் தடித்த வெள்ளைக் கோடு. அது விழித்திரை சுவரை விட்டுக் கழன்றதன் அடையாளம். அது இருந்தால் பேச்சே வேறு, காத்திருக்கக் கூடாது. அப்பாவின் கார்டில் ரெட்டினா ஒட்டியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், நிம்மதியான செய்தி.

ஆனால் அது அன்றைய செய்தி. அன்று ஒட்டியிருந்தது பிறகும் ஒட்டியிருக்க வேண்டும் என்றில்லை. அதேபோல, முதல் நாள் ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களுக்கும் சில நாள், சில வாரம் கழித்து ரத்தம் கசிவதுண்டு. விழித்திரையோடு தட்டையாகப் படிந்த சின்னக் கசிவு இந்த ஸ்கேனில் தெரியாமலும் போகும். பார்வை நரம்பே நசுங்கியிருந்தால்கூட ஸ்கேன் படம் ஒழுங்காக இருக்கலாம். கண்ணுக்குள் ரத்தம் இருக்கிறதா, விழித்திரை கழன்றிருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கு அது நன்றாகப் பதில் சொல்லும், எவ்வளவு பார்வை திரும்பும் என்பதற்குச் சொல்லாது.

அதனால் இப்போது செய்ய வேண்டியது, கொழும்புக்கு வாகனம் பிடிப்பதில்லை. இந்த வாரமே கிட்ட உள்ள அரசாங்க வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குக் கார்டோடு போங்கள். மூன்று வாரம் போய்விட்டது, இனித் தள்ளிப்போட வேண்டாம். மூளை டொக்டர் தடை சொல்லாவிட்டால் இந்தத் தடவை கண்மணியை விரித்தே பார்ப்பார்கள், ஸ்கேனையும் திரும்பச் செய்வார்கள். செய்யாவிட்டால், "முதல் ஸ்கேன் செய்து இத்தனை நாளாகிவிட்டது, ரெட்டினா இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். ஐ.சி.யூ.வில் கேட்கப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் பயப்பட வேண்டாம், நல்ல கேள்வி கேட்டால் எந்த டொக்டரும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பதில் வரும்.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். காம்பராவை இருட்டாக்கி, ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடிவிட்டு, மற்றக் கண்ணுக்கு டோர்ச்சை மேலிருந்து, கீழிருந்து, இரண்டு பக்கத்தில் இருந்து காட்டி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு அடுத்த கண். உள்ளே ரத்தம் அடர்த்தியாக இருந்தாலும் வெளிச்சம் வருவது பெரும்பாலும் தெரியும். ஒரு கண்ணுக்கு அறவே வெளிச்சம் தெரியவில்லை என்றாலோ, ஒரு திசையில் மட்டும் தெரியவில்லை என்றாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள். கறுப்புத் திரை ஒரு பக்கத்தில் இருந்து இழுக்கிற மாதிரி வந்தாலும், மின்னல் மின்னலாக வெட்டினாலும் அதேதான். கண் சிவந்து வெளியே தள்ளி, தலைக்குள் துடிப்போடு இரைச்சல் கேட்டால் அதுவும் அவசரம். வாந்தி, தூங்கி வழிவது, தலையிடி கூடுவது என்றால் விஷயம் கண் இல்லை, 1990ஐக் கூப்பிடுங்கள்.

பார்வை திரும்புமா என்றால், பலருக்குத் திரும்புகிறது. ரத்தம் தானாகவே கரையும், ஆனால் மெதுவாக, வாரங்களும் மாதங்களும் எடுக்கும். பொதுவாகச் சுமார் மூன்று மாதம் பார்ப்பார்கள். கரையவில்லை என்றால் விட்ரெக்டமி என்ற ஒப்பரேசன் இருக்கிறது: ஊசி அளவு துளைகள் மூன்று போட்டு, ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். விழித்திரையின் நடுப்பகுதியும் நரம்பும் நன்றாக இருந்தால் பலன் பெரும்பாலும் நல்லது. அப்பாவின் வயதில் பிறகு கண்ணில் வெள்ளை (கண்புரை) விழுவது வழக்கம், அதற்கும் ஒப்பரேசன் உண்டு. அவருக்கு இரண்டு கண்ணிலும் ரத்தம் என்பதால் மூன்று மாதம் முழுதும் காத்திராமல் ஒரு கண்ணையாவது முன்கூட்டிச் செய்யலாம் என்று டொக்டர் சொல்லக்கூடும். அதை நான் ஆதரிப்பேன். கண் தெரியாமல் நடைப் பயிற்சி செய்ய முடியாது, தலையில் அடிபட்டவர் சும்மா படுத்தே கிடந்தால் மற்ற முன்னேற்றமும் நின்றுவிடும். ஒப்பரேசன் என்று முடிவானால், எங்கே போவது என்பதைக் கிளினிக்கிலேயே எழுதித் தருவார்கள். கண்டியோ, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையோ, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். நகையை அடகு வைக்கும் வேலை வேண்டாம்.

மலைநாட்டுக்காரர்கள் மட்டும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது, அதைச் சமதரையில் உள்ளவர்கள் சொல்ல மறந்துவிடலாம். இந்த ஒப்பரேசனின் முடிவில் சிலருக்கு, விழித்திரையை ஒட்டவைக்க, கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்புவார்கள். விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். "நாம் எங்கே விமானத்தில் போகப் போகிறோம்" என்று நீங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள். ஆனால் கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது, தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில். அவிசாவளை, கித்துல்கல தாண்டி கினிகத்தேனையை நோக்கி பஸ் மலை ஏறத் தொடங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் அடைபட்ட வாயு விரியும். கண் கல்லாக இறுகி, தாங்க முடியாத வலி வரலாம். விழித்திரைக்கு ரத்தம் போவது தடைப்பட்டால் உள்ள பார்வையும் போய்விடும். சில வாயு கரைய இரண்டு வாரம், சிலது கரைய இரண்டு மாதம் வரைகூட ஆகும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது கட்டாயம் கேளுங்கள்: கண்ணுக்குள் வாயு வைத்தீர்களா, எங்கள் வீடு மலையில் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எப்போது ஏறலாம்? வாயு வைத்திருந்தால், அது கரையும் வரை கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். வாயு வைக்காத ஒப்பரேசன்களும் நிறைய, அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அதுவரை வீட்டில், இரவு தலையணையை உயர்த்திப் படுக்க வையுங்கள், காலை நேரத் தொல்லை கொஞ்சம் குறையும். எழும்பியதும் அவர் சத்தம் போட்டால், "ரத்தம் கலங்கியிருக்கிறது, உட்காருங்கள் அப்பா, மத்தியானத்துக்குள் படியும்" என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பயம் பாதி போகும். அடுப்புப் பக்கமும் இஸ்தோப்புப் படியிலும் ஆள் துணை வேண்டும், இன்னொரு முறை தலை அடிபடக் கூடாது. கோப்பையைக் கையில் தொட்டுக் கொடுங்கள். கயிறு கட்டியது கட்டியபடி இருக்கட்டும், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன் என்று யாராவது கொண்டுவந்தால் கண்ணில் விடவிடாதீர்கள். ரத்தம் இருப்பது கண்ணுருண்டைக்குள்ளே, மேலே விடுவது அங்கே போய்ச் சேராது, கிருமிதான் சேரும்.

கடைசியாக, கார்டில் வலிப்பு வராமலிருக்க பெனிடோயின் மாத்திரை எழுதியிருக்கிறது. அதன் அளவு உடம்பில் கூடிவிட்டால் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கண்ணுருண்டை தானாக ஆடும், நடை தள்ளாடும். கண்ணில் ரத்தம் இருப்பதால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடுவோம். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரைப் பையையும் எடுத்துப் போய், ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கிறீர்கள் என்று காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், வலிப்பு வந்தால் இன்னும் மோசம்.